க்ரேட்டோஸை நாவலாக்குவது: சண்டையை யார் சொல்வது?

வாசகர் கேள்வி, 2024 செப்டம்பர் 6

காட் ஆஃப் வார் வீடியோ கேமின் முதல் பாகத்தைத் தமிழில் நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை ரெடி, பாத்திரங்கள் ரெடி, வசனமும் பாதி ரெடி. சண்டைகளைப் பார்த்துப் பார்த்து எழுதினால் முடிந்தது. பல தலைப் பாம்பான ஹைட்ராவோடு வரும் சண்டை மட்டுமே பதினான்கு பக்கம் வந்திருக்கிறது. கேம் ஆடாதவர்களுக்கும் அதே வெறி ஏறும் என்று நம்புகிறேன். சரிதானே?

2024 செப்டம்பர் 7

சரியில்லை.

பதினான்கு பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். முதல் இரண்டு பக்கம் நன்றாகவே இருந்தது. புயல், பாய் கிழியும் சத்தம், மரப்பலகையைப் பிளந்துகொண்டு மேலே வரும் பாம்புத் தலை. மூன்றாம் பக்கத்திலிருந்து நாயகன் க்ரேட்டோஸ் இடது கத்தியைச் சுழற்றுகிறான், வலது கத்தியை வீசுகிறான், உருள்கிறான், எழுகிறான், மறுபடி இடது கத்தி. ஆறாம் பக்கம் வந்தபோது யாராவது ஏதாவது பேசமாட்டார்களா என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

கேமில் இதே வீச்சுகள் அலுக்காது. அங்கே வீசுவது நம் கட்டைவிரல். அரை நொடி பிந்தினால் உயிர்ப்பட்டை பாதியாகும், செத்தால் பழைய இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அந்தக் கடுப்பும் பயமும்தான் சண்டைக்கு ருசி. நாவலில் இவன் சாகமாட்டான் என்று படிப்பவருக்கு முன்பே தெரியும். கையில் இன்னும் முந்நூறு பக்கம் கனக்கிறதே! பயம் போய்விட்டால் மிஞ்சுவது உடற்பயிற்சிக் குறிப்புதான்.

கதை ரெடி என்கிறீர்கள். எனக்கு அதிலேயே சந்தேகம். பிறகு எழுதுகிறேன்.

2024 செப்டம்பர் 8

"அதிகாரபூர்வ நாவலே இருக்கிறதே, அப்புறம் எதற்கு இது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது, ஒன்றல்ல, மூன்று. முதல் பாகத்தை மாத்யூ ஸ்டோவரும் ராபர்ட் வார்டிமனும் சேர்ந்து எழுதி 2010இல் வந்தது. இரண்டாம் பாகத்தை வார்டிமன் தனியாக எழுதினார், 2013. வடஐரோப்பிய நார்ஸ் புராண உலகத்துக்குக் கதை மாறிய 2018 கேமை அதே ஆண்டு ஜே. எம். பார்லாக் நாவலாக்கினார். இவர் யார் என்றால், அந்தக் கேமை இயக்கிய கோரி பார்லாகின் அப்பா. மகன் ஓர் அப்பா-மகன் கதையை இயக்க, அப்பா உட்கார்ந்து அதை நாவலாக எழுதியிருக்கிறார். சாப்பிடும்போது இருவரும் என்ன பேசிக்கொண்டார்களோ.

சட்ட விஷயம் கேட்டவருக்கு: க்ரேட்டோஸ் சோனியின் சொத்து. இலவசமாகப் போட்டாலும் அது அனுமதி வாங்காத எழுத்துதான், அச்சுக்குக் கொண்டுபோகும் ஆசை வேண்டாம். கதையில் வரும் கிரேக்கக் கடவுள்கள் ஏரிஸும் அதீனாவும் யாருடைய சொத்தும் இல்லை. அவர்களை என்ன வேண்டுமானாலும் செய்யலாம், இத்தனை நூற்றாண்டுகளாக எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

2024 செப்டம்பர் 11

கதை ரெடியா இல்லையா என்பதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் சொந்தப் புராணம்.

இந்தக் கேம் 2005இல் வந்தது. எங்கள் பக்கத்துக்கு வந்து சேரக் கொஞ்ச காலமானது. தெருமுனையில் ஒரு பிளேஸ்டேஷன் கடை, மணிக்கணக்கில் காசு. மூன்று டிவி, பின்னால் ஒரு நீள பெஞ்சு. கடைக்காரர் மெமரி கார்டைக் கொடுக்கவே மாட்டார். கொடுத்தால் கேம் சீக்கிரம் முடிந்துவிடும், பையன்கள் வரமாட்டார்கள் என்று அவருக்குக் கணக்கு. அதனால் யார் உட்கார்ந்தாலும் முதலிலிருந்துதான். மலை உச்சியிலிருந்து குதிக்கும் க்ரேட்டோஸ், "மூன்று வாரங்களுக்கு முன்" என்ற எழுத்து, உடனே ஏஜியன் கடலில் கப்பல், ஹைட்ரா. காசு இருப்பவன் ஏதென்ஸ் வரை போவான். பாலைவனத்தைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அந்தக் கப்பல் அத்தியாயம் தெரு முழுக்க மனப்பாடம்.

ஹைட்ராவின் பெரிய தலையை உடைந்த பாய்மரத்தில் குத்திச் சாய்த்தபின் என்ன நடக்கும் என்று ஆடியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதன் தொண்டைக்குள் இறங்கினால், அது விழுங்கிய கப்பல் தலைவன் உள்ளே தொங்கிக்கொண்டிருப்பான். காப்பாற்ற வந்துவிட்டாய் என்று கடவுளுக்கு நன்றி சொல்வான். க்ரேட்டோஸ் அவன் கழுத்திலிருக்கும் சாவியைப் பறித்துக்கொண்டு, உனக்காக வரவில்லை என்று சொல்லி அவனைக் கீழே விட்டுவிடுவான். ஆடுகிற பையனுக்கு இது இரண்டு நொடி. சாவி கிடைத்தாயிற்று, கதவு எங்கே என்று ஓடுவான். பின்பெஞ்சில் காசில்லாமல் வேடிக்கை பார்க்க வரும் ஒரு சின்னப் பையன் ஒவ்வொரு தடவையும் கேட்பான்: "அந்த ஆள ஏண்ணா உட்டான்?" யாரும் பதில் சொன்னதில்லை. ஆடுகிறவனுக்கு நேரமில்லை, காசு ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்கு இப்போது தோன்றுவது: ஆடுகிறவன் பார்ப்பது கேம். பெஞ்சில் இருப்பவன் பார்ப்பது கதை. நாவல் எழுதுபவர் பெஞ்சில் உட்கார வேண்டியவர். நீங்கள் இன்னும் கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறீர்கள்.

2024 செப்டம்பர் 11, இரவு

"அப்போ சண்டையே வேண்டாமா? சண்டை இல்லாமல் என்ன காட் ஆஃப் வார்?"

வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

2024 செப்டம்பர் 15

சண்டையை எழுதத் தெரிந்தவரிடம் போவோம். கேம் எடுத்த ஊர்ச் சரக்கே அவரிடம்தான் இருக்கிறது. கிரேக்கக் கவி ஹோமரின் இலியட் காவியம் முழுக்கச் சண்டைதான், இருபத்து நான்கு காண்டம். ஆனால் ஒரு தனிச் சண்டை எவ்வளவு நீளம் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு வீச்சு, ஒரு சாவு, முடிந்தது. நீளமெல்லாம் செத்தவனைப் பற்றி.

நான்காம் காண்டத்தில் சிமோயிசியோஸ் என்று ஒரு இளைஞன். கதைக்குத் துளியும் தேவையில்லாதவன். ஏயஸ் என்ற கிரேக்க வீரனின் ஈட்டி வலது மார்பில் பாய்ந்து தோள் வழியாக வெளியே வருகிறது, அவ்வளவுதான் சண்டை. அவன் யார்? ஆடுமாடு பார்க்கப் பெற்றோருடன் இடா மலைக்குப் போய்விட்டு இறங்கிய அம்மா, சிமோயிஸ் ஆற்றங்கரையில் பெற்ற பிள்ளை. வளர்த்த கடனைத் திருப்பிக் கொடுக்க ஆயுள் போதவில்லை. விழுகிறான், ஆற்றோரத்து நெட்டிலிங்கம் போன்ற ஒரு மரத்தைத் தேர் செய்கிறவன் வெட்டிச் சாய்த்த மாதிரி. (நெட்டிலிங்கம் என் கைச்சரக்கு. அங்கே இருப்பது பாப்லர், நம் ஊரில் அதைப் பார்த்தவர் குறைவு.) நாலு வரியில் உள்ளே வந்து நாலு வரியில் போகிறான், ஆனால் மறக்க முடியவில்லை.

உங்கள் பதினான்கு பக்கத்தில் மாலுமிகள் கும்பலாகச் சாகிறார்கள். ஒருவனுக்குக்கூட அம்மா இல்லை.

அதே இலியட், ஐந்தாம் காண்டம். இது கேம் ரசிகர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது. டயோமிடிஸ் என்ற மனிதன் போர்க்கடவுள் ஏரிஸையே ஈட்டியால் குத்துகிறான். அதீனா பாதாளக் கடவுள் ஹேடீஸின் தொப்பியைப் போட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் தேரில் ஏறி, அவன் பக்கத்தில் நின்று, ஈட்டியை ஏரிஸின் அடிவயிற்றுக்குள் அழுத்துகிறாள். ஏரிஸ் ஒன்பதாயிரம் பத்தாயிரம் பேர் சேர்ந்து கத்துவதுபோல் அலறிக்கொண்டு கடவுள்கள் இருக்கும் ஒலிம்பஸுக்கு ஓடி, அவர்கள் அரசன் ஜீயஸிடம் போய்ப் புகார் சொல்கிறான். ஜீயஸ், ஒலிம்பஸில் இருப்பவர்களிலேயே எனக்குப் பிடிக்காதவன் நீதான் என்று திட்டிவிட்டு மருந்து போடச் சொல்கிறார். மனிதன் கையால் ஏரிஸுக்கு அடி, பின்னால் நின்று கையை நடத்துவது அதீனா. அதீனா ஏவ, க்ரேட்டோஸ் ஏரிஸைக் கொல்வதுதானே கேம். அதன் மொத்த எலும்புக்கூடும் இதில் இருக்கிறது. ஒரே வித்தியாசம், கேமில் மருந்து போட ஆளில்லை.

2024 செப்டம்பர் 16

சிவப்பு உருண்டைகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு: ஒன்றும் செய்யாதீர்கள். எதிரி செத்ததும் உடம்பிலிருந்து ஒளிக்கட்டிகள் பறந்து வந்து க்ரேட்டோஸ் மேல் ஒட்டிக்கொள்வதை எழுதினால் அது நாவல் இல்லை, ரேஷன் விநியோகம். பச்சைப் பெட்டிக்கும் இதே தீர்ப்பு.

2024 செப்டம்பர் 22

கூண்டுக் காட்சியைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நானே ஆரம்பிக்கிறேன்.

கேமில் க்ரேட்டோஸ் நுழையும் பண்டோராவின் கோயிலுக்குள் ஓரிடத்தில் கூண்டுக்குள் ஒரு போர்வீரன், உயிரோடு. கதவு திறக்க நரபலி வேண்டும். கூண்டைச் சரிவில் தள்ளிக்கொண்டு மேலே போக வேண்டும். தள்ளத் தள்ள அவன் கெஞ்சுகிறான். வழியில் எதிரிகள் வந்தால் கூண்டை விட்டுவிட்டுச் சண்டை போட வேண்டும், கூண்டு சரிந்து கீழே போய்விடும், மறுபடி முதலிலிருந்து தள்ளல், மறுபடி கெஞ்சல். கடைசியில் நெருப்பு. அவனை விட்டுவிட வழியே கிடையாது. பட்டனை அழுத்தாவிட்டால் கேம் அங்கேயே நிற்கும், மணிக்கணக்கில் நிற்கும்.

இந்தக் கேமில் எழுத்தாளருக்கு மிகப் பெரிய சவால் இதுதான், ஹைட்ரா அல்ல. கேம் இங்கே செய்வது வேறு எந்தக் கலையும் செய்ய முடியாத ஒன்று. பாவத்தை நம் கையால் செய்யவைக்கிறது. "க்ரேட்டோஸ் கூண்டைத் தள்ளினான்" என்று எழுதிய நொடியே பாவம் அவன் தலையில் போய்விடுகிறது, படிப்பவர் கை கழுவிவிடுகிறார்.

ஒருமுறை முன்னிலையில் எழுதிப் பார்த்தேன். "நீ தள்ளுகிறாய். அவன் உன் பெயரைக் கேட்கிறான். நீ சொல்லவில்லை." முதல் பத்தியில் புல்லரித்தது. மூன்றாம் பத்தியில் யாரோ என்னை ரங்கராட்டினத்தில் ஏற்றி வழி சொல்வதுபோல் இருந்தது. கிழித்துப் போட்டேன். க்ரேட்டோஸே "நான்" என்று சொன்னால் இன்னும் மோசம். அவன் நினைத்துப் பேசுகிற ஆள் இல்லை. தன் மனைவியையும் மகளையும் தானே கொன்றதை நினைத்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் பத்து வருடமாகக் கடவுள்களுக்கு அடியாள் வேலை பார்க்கிறான்.

மிச்சமிருப்பவன் யார்? கூண்டுக்குள் இருப்பவன். அவன் கண்ணால் எழுதிப் பாருங்கள். வெள்ளைச் சாம்பல் பூசிய ஒரு முகம் கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அது கூண்டைத் தள்ளுகிறது. சண்டை வந்து கூண்டு கீழே உருளும்போது இவனுக்கு ஒரு கணம் நம்பிக்கை வருகிறது. எதிரி ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறான், அந்தக் கோர உருவங்கள் ஜெயிக்க வேண்டும் என்று. சத்தம் ஓய்கிறது. சாம்பல் முகம் திரும்பி வருகிறது. கேமில் வெறும் எரிச்சலாக இருக்கிற அந்த மறுபடி-தள்ளல், இங்கே வேறாகிவிடும்.

2024 செப்டம்பர் 24

"சாகப்போகிறவன் கதை சொல்ல முடியுமா?" லாஜிக் கேட்கிறார் நண்பர். படர்க்கையில் அவன் பக்கம் நின்று எழுதுங்கள் என்கிறேன், அவன் டைரி எழுதினான் என்று சொல்லவில்லை.

2024 அக்டோபர் 2

யார் சொல்வது என்பதில் இன்னும் கொஞ்சம். கிரேக்க நாடகக்காரர்கள் கொலையை மேடையில் காட்டுவது அபூர்வம். தூதுவன் ஒருவன் ஓடி வந்து சொல்வான். யூரிப்பிடிஸின் ஹெராக்ளிஸ் நாடகம் க்ரேட்டோஸ் கதைக்குச் சித்தப்பா முறை. ஹீரா என்ற தெய்வம் ஏவிய பைத்தியத்தில் ஹெராக்ளிஸ் தன் மூன்று பிள்ளைகளையும் மனைவியையும் எதிரியின் குடும்பம் என்று நினைத்துக் கொல்கிறான். அப்பாவைக் கொல்லப் போகும்போது அதீனா அவன் மார்பில் ஒரு கல்லை எறிகிறாள், சுருண்டு தூங்கிவிடுகிறான். இவ்வளவும் நமக்குத் தூதுவன் வாய் வழியாக. அவன் வீட்டு வேலைக்காரன், பார்த்தவன், தடுக்க முடியாதவன். கொலையைவிட அவன் குரல்தான் கொல்லும்.

நம் பக்கம் பரணி பாடியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. கலிங்கத்துப்பரணியில் ஜெயங்கொண்டார் போரை நேராகச் சொல்லவில்லை. கலிங்கத்திலிருந்து வந்த ஒரு பேய் காளியிடம் வந்து சொல்கிறது, பசியோடு இருக்கிற பேய்க் கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அப்புறம் எல்லாமாகப் போர்க்களத்துக்குப் போய்க் கூழ் அடுகின்றன. சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் போரில் பசி இருக்கிறது, அதனால் நமக்கும் பசிக்கிறது. ஹேடீஸ் உலகத்தில் க்ரேட்டோஸ் மேலே ஏறும் பகுதியை இப்படி எழுதினால் எப்படி இருக்கும்? அவன் அனுப்பிவைத்த ஆட்களெல்லாம் அங்கேதானே இருக்கிறார்கள். கப்பல் தலைவன் அங்கேயும் தொங்கிக்கொண்டிருப்பான், ஐயோ மறுபடியும் நீயா என்பான். கேமில் அது காமெடி. நாவலில் அவனைச் சொல்லவிடுங்கள்.

(பின்குறிப்பு: கேமிலும் கதை சொல்வது ஒரு பெண் குரல்தான், பூமித்தாய் கையாவுக்குக் குரல் கொடுத்த லிண்டா ஹன்ட். கதை சொல்வது கையா என்பது அடுத்த பாகத்தில்தான் விளங்கும். கேட்டுக்கொண்டே எழுதாதீர்கள், அந்தக் கம்பீரம் உங்கள் வாக்கியத்தில் தொற்றிக்கொள்ளும். ஏற்கெனவே கொஞ்சம் தொற்றியிருக்கிறது.)

2024 அக்டோபர் 3

பிளாக் மித் வுகோங் என்ற புதுக் கேமை ஆடியாயிற்றா என்று கேட்டவருக்கு: ஆமாம், ஆடினேன். ஆடி முடிக்கவில்லை. இரண்டாம் அத்தியாயத்திலேயே கை வலி.

2024 அக்டோபர் 5

வுகோங்கைப் பற்றிக் கேட்டதால் ஒரு விஷயம். ஆகஸ்ட் 20 அன்று வந்த பிளாக் மித் வுகோங் நமக்கு நேர் எதிர்த் திசையில் போனது, பதினாறாம் நூற்றாண்டுச் சீன நாவலின் கதைக்குப் பின்கதையாகக் கேம் எடுத்தார்கள். அந்த நூறு அத்தியாய நாவலில் சண்டை வந்தால் ஆசிரியர் என்ன செய்கிறார்? உரைநடையை நிறுத்திவிட்டுச் செய்யுளுக்குப் போய்விடுகிறார். குரங்கரசன் வுகோங் பதின்மூவாயிரத்து ஐந்நூறு ஜின் (சீன எடை அளவு) எடையுள்ள உலக்கையைச் சுழற்றுவது, மேகம் கலங்குவது எல்லாம் பாட்டில். பாட்டு முடிந்ததும் உரைநடை, உடனே நக்கல், பேரம், திட்டு. அந்த உலக்கையை ஊசியாகச் சுருக்கிக் காதுக்குள் வைத்துக்கொள்வான் என்பதுதான் எனக்கு மனசில் நின்றது. எடையை விட்டுவிட்டேன், காதைப் பிடித்துக்கொண்டேன்.

கேள்வி கேட்டவர் செய்யுளில் எழுதிக் கொண்டுவந்துவிடப் போகிறார் என்று பயமாக இருக்கிறது. வேண்டாம். சண்டைக்கு வேறு வேகம், வேறு நடை வேண்டும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2024 அக்டோபர் 12

பஸில்களை எப்படி எழுதுவது? பெட்டியைத் தள்ளி, நெம்புகோலை இழுத்து, கதவு மூடுவதற்குள் ஓடுவது. எழுதினால் செத்த பிணம்.

ஆனால் பண்டோராவின் கோயில் யார் கட்டியது? பாதோஸ் வெர்டஸ் மூன்றாமன் என்ற சிற்பி. கேமுக்குள் அங்கங்கே அவன் எழுதிவைத்த குறிப்புகள் வரும், அவசரத்தில் எல்லாரும் தாண்டிப் போய்விடுவோம். கடவுள்களுக்காகக் கட்டினான். கட்டும்போது பிள்ளைகள் செத்தார்கள். கட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் புத்தி பேதலித்து மனைவியைக் கொன்று தானும் செத்தான். க்ரேட்டோஸ் அவன் மகனின் சவப்பெட்டியைத் திறந்து, தலையைப் பிய்த்து, அதையே சாவியாக்கிக் கதவைத் திறக்கிறான்.

கடவுள் பேச்சைக் கேட்டுக் குடும்பத்தை அழித்த இரண்டு பேர். ஒருவன் கட்டியதற்குள் இன்னொருவன் நடக்கிறான். இரண்டாயிரத்து ஐந்திலேயே இதை வைத்துவிட்டு, மேலே பெட்டி தள்ளுகிற வேலையைக் கொடுத்து மூடிவிட்டார்கள்! கோயில் பகுதி முழுவதையும் சிற்பியின் கதையாக எழுதலாம். ஒவ்வொரு பொறியும் அவன் வாழ்க்கையில் ஓர் ஆண்டு. அவன் எதை நினைத்து இந்தக் கதவைச் செய்தான் என்று சொல்லிவிட்டால், க்ரேட்டோஸ் அதை எப்படித் திறந்தான் என்பதற்கு ஒரு வரி போதும். இந்தக் கோயில் பாலைவனத்தில் தவழ்ந்து திரியும் குரோனோஸ் என்ற டைட்டனின் (கடவுள்களுக்கு முந்திய ராட்சதன்) முதுகில் கட்டி வைக்கப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. மூன்றாவது அப்பா அவன். தன் பிள்ளைகளை விழுங்கியவன்.

நான் எழுதினால் நாவலின் மையமே இங்கேதான். ஹைட்ரா ஒரு பக்கம், கோயில் நூறு பக்கம். கேம் ரசிகர்கள் அடிக்க வருவார்கள்.

2024 அக்டோபர் 13

வந்துவிட்டார்கள்.

2024 அக்டோபர் 20

"2018 கேமை எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லையே, அது நாவல் மாதிரிதானே இருக்கிறது" என்று எழுதியவருக்கு.

முதலில் ஆமாம் என்றுதான் தோன்றியது. அதில் பெஞ்சுப் பையனைக் கேமுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள், பெயர் அட்ரேயஸ். அப்பா எதைக் கொன்றாலும் மகன் பார்க்கிறான், ஏன் என்று கேட்கிறான், பதில் வராவிட்டால் மறுபடி கேட்கிறான். அம்மாவின் சாம்பலை எல்லா உலகங்களிலும் உயரமான சிகரத்தில் தூவ வேண்டும், அவ்வளவுதான் கதை. ஒரு சாதாரண நாவலுக்கு இது போதும்.

ஆனால் யோசிக்க யோசிக்க, எழுதக் கஷ்டமானது இதுதான் என்று படுகிறது. ஆரம்பத்தில் மான் வேட்டைக் காட்சி. பையன் கையால் மானைக் கொல்லவைத்தபின் அவன் கலங்கி நிற்கிறான். க்ரேட்டோஸின் கை அவன் முதுகுக்கு மேலே போகிறது, தொடலாமா என்று நிற்கிறது, திரும்பிவிடுகிறது. கேம் முழுக்க வெட்டே இல்லாத ஒரே காமிரா ஓட்டம், அதனால் யாரும் இதைக் குளோசப் போட்டுக் காட்டவில்லை. கவனித்தவன் கவனித்தான். இதை எழுத்தில் எப்படிச் சொல்வீர்கள்? "அவன் கை நடுங்கியது, ஆனால் தொடவில்லை" என்று எழுதினால் குளோசப் ஆகிவிடுகிறது, அடிக்கோடு விழுந்துவிடுகிறது. எழுதாமல் விட்டால் இல்லாமலே போகிறது. வேறு வேலையைச் சொல்லும் வாக்கியத்துக்குள் ஒளித்து வைக்க வேண்டும்: கத்தியைத் துடைத்தான், கையைப் பையன் முதுகுவரை கொண்டுபோனான், வேட்டைக் கயிற்றை எடுத்தான். இது சண்டை எழுதுவதைவிட நூறு மடங்கு நுணுக்கமான வேலை.

படகுக் கதைகள் இன்னொன்று. படகு ஓட்டும்போது பையன் கதை கேட்பான். க்ரேட்டோஸ் ஆமை-முயல் கதையைச் சொல்வான், போலீஸ் எஃப்.ஐ.ஆர். மாதிரி. ஈசாப் கிரேக்கத்துக்காரர், இவனும் கிரேக்கத்துக்காரன், தன் ஊரிலிருந்து அவன் பிள்ளைக்குக் கொண்டுவந்து கொடுக்க முடிந்தது இந்த மாதிரிக் கதைகள்தான். சொல்லவும் தெரியவில்லை. பின்னால் மிமிர் என்ற ஞானியின் வெட்டுப்பட்ட தலை இடுப்பில் தொங்க ஆரம்பித்தபின் கதைக்குப் பஞ்சமே இல்லை. நடுவில் கரை வந்தால் கதை நின்றுவிடும், மறுபடி படகேறினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆடுபவர் கரைக்குப் போகாமல் சும்மா ஏரியைச் சுற்றிச் சுற்றித் துடுப்புப் போட்டுக் கதை கேட்கலாம். நான் அப்படித்தான் செய்தேன். நாவலில் இந்தச் சும்மா சுற்றுவதற்கு இடமே கிடையாது, பக்கம் முன்னேறிக்கொண்டே இருக்கும். பார்லாக் நாவலின் ஒலிப்புத்தகத்துக்கு மிமிருக்குக் குரல் கொடுத்த அலஸ்டர் டங்கனையே வாசிக்கவைத்தது நல்ல யோசனை.

க்ரேட்டோஸின் கோடரி திரும்பி வருவதைக் கேட்டிருந்தீர்கள். பனிக்குளிர் ஏறிய லெவியாதன் கோடரியை எறிந்துவிட்டு முக்கோணப் பட்டனை அழுத்தினால், சுழன்று வந்து உள்ளங்கையில் அறையும், கன்ட்ரோலர் ஒரு குலுக்குக் குலுக்கும். ஆயிரம் தடவை செய்தாலும் அந்தக் குலுக்கல் சுகம். எழுத்தில் ஒரு தடவை. அதையும் பையன் முகத்துக்குப் பக்கத்தில் அது பறந்து போகும்போது.

2024 நவம்பர் 1

கடவுள்களின் வரங்களைப் பற்றிப் பேச விட்டுப்போயிற்று. பொசைடன் ஒரு சக்தி தருகிறார், அஃப்ரோடைட்டி மெடூஸாவின் தலையை எடுக்கச் சொல்கிறாள், ஜீயஸ் இடி தருகிறார், ஆர்டெமிஸ் வாள் தருகிறாள். கேமில் இவையெல்லாம் புதுப் பட்டன் கற்றுக்கொடுக்கும் பாடம், நேரே வந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். 2010 நாவல் இங்கேதான் உழைத்திருக்கிறது. ஒவ்வொருவரும் ஏன் கொடுத்தார்கள்? அதீனா ஒலிம்பஸில் ஒவ்வொருவர் வீடாகப் போய்ப் பேசிச் சம்மதிக்கவைக்கிறாள். கடவுள்மேல் கடவுள் கைவைக்கக் கூடாது, அதனால் ஏரிஸைக் கொல்ல ஒரு மனிதன் வேண்டும். கீழே இவன் ரத்தம் சொட்ட ஓடிக்கொண்டிருக்க, மேலே கூட்டணிப் பேச்சுவார்த்தை. நமக்குப் பழக்கமான விஷயம், தேர்தல் நேரத்தில் தினமும் பார்ப்பது.

அந்தப் பேரத்தின் முடிவைச் சரியாகப் பிடியுங்கள். ஏரிஸின் ஏவலில் அதீனாவை வணங்கும் ஒரு கிராமத்தை அழிக்கப் போன க்ரேட்டோஸ், கோயிலுக்குள் புகுந்து வெட்டியவர்களில் தன் மனைவியும் மகளும் இருந்தார்கள். அதைப் பற்றி ஓயாமல் வரும் கனவுகள் போக வேண்டும் என்றுதான் பத்து வருட ஊழியம், ஏரிஸ் கொலை எல்லாம். முடிந்தபின் அதீனா சொல்கிறாள்: உன் பாவத்தை மன்னிப்பதாகத்தான் சொன்னோம், கனவுகளை எடுப்பதாகச் சொல்லவே இல்லை. கேமில் இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. உங்கள் வரைவில் இரண்டு வரி. நான் கேட்பது, வாக்குக் கொடுத்த காட்சியை முன்னாலேயே எழுதி வையுங்கள், வார்த்தை வார்த்தையாக. அப்போது படிப்பவரும் அவனைப் போலவே தனக்கு வேண்டியதை அதில் கேட்டுக்கொள்ள வேண்டும். கூண்டு விஷயத்தில் படிப்பவர் கை கழுவிவிடுகிறார் என்று சொன்னேன் அல்லவா, இங்கே கழுவ முடியாது. அவரும் ஏமாந்தவர்.

2024 நவம்பர் 9

திருத்திய ஹைட்ரா அத்தியாயம் படித்தேன். பதினான்கு பக்கம் ஐந்தாகியிருக்கிறது. மாலுமிகளில் ஒருவனுக்கு ஊர் வந்திருக்கிறது, நல்லது. அவனுக்கு அம்மாவும் காதலியும் குருட்டுத் தங்கையும் தேவையில்லை, ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் தலைவன் பார்வையில் தொண்டைக்குள் நடக்கும் பகுதி நன்றாக வந்திருக்கிறது. சாவி பறிபோன பிறகும் அவன் நன்றி சொல்லிக்கொண்டே இருப்பது உங்கள் சொந்தச் சரக்கு, கேமில் இல்லை. அதைத் தொடாதீர்கள். அவன் விழும்போது யோசிக்கும் தத்துவத்தை மட்டும் வெட்டிவிடுங்கள், விழுகிறவனுக்கு அவ்வளவு நேரமில்லை.

மலை உச்சியில் ஆரம்பித்து "மூன்று வாரங்களுக்கு முன்" என்று பின்னால் போவதை அப்படியே வைத்திருக்கிறீர்கள். கேமில் அது ஆடவைக்கப் போட்ட கொக்கி. உங்களுக்குக் கப்பலே போதும் என்பது என் கட்சி. உச்சிக் காட்சியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, ஏதென்ஸில் குழி தோண்டிக்கொண்டிருக்கும் கிழவனை முன்னால் கொண்டுவாருங்கள். யாருக்குக் குழி என்று க்ரேட்டோஸ் கேட்க, உனக்குத்தான் என்கிற அந்த ஆள். பாதாளத்திலிருந்து ஏறி வெளியே வரும்போது அதே குழி வழியாகத்தான் வருவான். வரைவில் அந்தக் கிழவன் இரண்டு வசனம் பேசிவிட்டுக் காணாமல் போகிறான். இன்னும் ஒரு பக்கம் கொடுங்கள், ஆனால் அவன் யார் என்று சொல்லாதீர்கள். கேம் தெரிந்தவர்கள் கீழே பின்னூட்டத்தில் உடைப்பார்கள், தடுக்க முடியாது.

அடுத்து ஏதென்ஸா, கூண்டா? கூண்டை முதலில் அனுப்புங்கள்.